கால்நடைகளுக்கு உரிமையா? நலமா?

கால்நடை வளர்ப்போர் அண்மைக் காலமாக இரண்டு சொற்களை அடிக்கடி கேட்க நேரிடுகிறது. ஒன்று 'விலங்கு உரிமை'; மற்றொன்று 'விலங்கு நலம்'. செய்தித்தாள்களிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் இவ்விரு சொற்களும் இடம்பெறுகின்றன. இரண்டும் ஒன்றே எனப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இரண்டும் வெவ்வேறு கேள்விகளை எழுப்புகின்றன. மனிதன் தன் தேவைக்காக ஒரு விலங்கை வைத்துக் கொள்ளவே கூடுமா என்று கேட்பது விலங்கு உரிமை. வைத்துக் கொள்ளும் விலங்கை எப்படிப் பேண வேண்டும் என்று கேட்பது விலங்கு நலம்.

ஓரிரு கறவை மாடுகளும், ஓர் இணை உழவு மாடும், சில கோழிகளும் வைத்திருக்கும் விவசாயிக்கு இந்த வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது. ஏனெனில் சட்டமும் சந்தையும் இந்த விவாதத்தையொட்டி மாறி வருகின்றன. நம் தொழுவத்தில் நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய சில கேள்விகளும் இதில் அடங்கியுள்ளன.

விவாதம் தோன்றிய வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் கால்நடை வளர்ப்பு தொழிற்சாலை முறைக்கு மாறியது. கோழிகள் கம்பிக் கூண்டுகளிலும், கன்றுகள் திரும்ப இடமில்லாத மரத் தடுப்புகளிலும் அடைக்கப்பட்டன. 1964-ஆம் ஆண்டில் ரூத் ஹாரிசன் என்ற பெண்மணி இந்நிலையை விளக்கி 'விலங்கு எந்திரங்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். மக்களிடையே எழுந்த பரபரப்பைக் கண்ட பிரிட்டிஷ் அரசு, பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. நிற்கவும், படுக்கவும், திரும்பவும், உடலைத் தூய்மை செய்து கொள்ளவும், கால்களை நீட்டவும் விலங்குக்கு இடம் இருக்க வேண்டும் என அக்குழு 1965-ல் கூறியது. இதிலிருந்து வளர்ந்ததே 1979-ல் அந்நாட்டின் பண்ணை விலங்கு நலக் குழு வகுத்த 'ஐந்து விடுதலைகள்' என்ற நெறி. பசி தாகத்திலிருந்து விடுதலை, வசதிக் குறைவிலிருந்து விடுதலை, வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து விடுதலை, இயல்பாக நடந்து கொள்ளும் விடுதலை, அச்சத்திலிருந்தும் மனத் துன்பத்திலிருந்தும் விடுதலை என்பவையே அவை.

இதே காலத்தில் வேறொரு சிந்தனையும் வளர்ந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பீட்டர் சிங்கர் 1975-ல் வெளியிட்ட 'விலங்கு விடுதலை' என்ற நூலில், துன்பம் மனிதனுக்கு நேர்ந்தாலும் மாட்டுக்கு நேர்ந்தாலும் ஒரே அளவுகோலால் எடைபோடப்பட வேண்டும் என்றார். அமெரிக்கரான டாம் ரீகன் 1983-ல் இன்னும் ஒரு படி மேலே சென்றார். விலங்கின் உயிருக்குத் தனக்கெனவே ஒரு மதிப்பு உண்டு. அதைப் பிறர் தேவைக்குக் கருவியாக்குவதே தவறு. எனவே எவ்வளவு நன்றாகப் பேணினாலும் பண்ணை வளர்ப்பை ஏற்க இயலாது என்பது அவர் கொள்கை. இதுவே விலங்கு உரிமை வாதத்தின் அடிப்படை.

மிருகக்காட்சி சாலையில் ஒரு சான்று

இரு தரப்புக்கும் உள்ள வேறுபாட்டை மிருகக்காட்சி சாலைகளில் தெளிவாகக் காணலாம். 1855-ல் தொடங்கிய சென்னை மிருகக்காட்சி சாலை நகரின் நடுவே இட நெருக்கடியில் இயங்கி வந்தது. 1985-ல் அது வண்டலூரின் விரிந்த காட்டுப் பகுதிக்கு மாற்றப்பட்டது. கம்பிக் கூண்டுக்குப் பதில் அகழியும் மரநிழலும் கொண்ட திறந்த அடைப்புகள் அமைந்தன. இது நலம் நாடும் சீர்திருத்தம். உரிமை வாதியோ, அடைப்பு பெரிதானாலும் அடைப்பே என்பார். நலம் நாடுவோர் தம் பக்கம் மற்றொரு சான்றும் காட்டுவர். அரேபிய ஓரிக்ஸ் என்ற மான் போன்ற விலங்கு 1972-ல் காட்டில் அற்றுப் போயிற்று. மிருகக்காட்சி சாலைகளில் பெருக்கிய மந்தைகளிலிருந்தே அது 1982-ல் ஓமன் நாட்டுப் பாலைவனத்தில் மீண்டும் விடப்பட்டது.

டென்மார்க் நாட்டில் கோபன்ஹேகன் மிருகக்காட்சி சாலையில் 2014-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடந்தது இதைவிடக் கடினமான சான்று. மாரியஸ் என்ற இளம் ஒட்டகச்சிவிங்கி அங்கு கொல்லப்பட்டது. அதற்கு நோய் ஏதுமில்லை. அதன் மரபு வழியில் ஏற்கனவே போதிய விலங்குகள் இருப்பதால் இனப்பெருக்கத்துக்கு அது தேவையில்லை என நிர்வாகம் முடிவு செய்தது. வேறு சாலைகள் கேட்டும் தரவில்லை. உடல் பொதுமக்கள் முன்னிலையில் அறுத்து விளக்கப்பட்டு, சிங்கங்களுக்கு இரையாயிற்று. வாழ்ந்த வரை நன்றாக வாழ்ந்தது, வலியின்றி இறந்தது, எனவே நல நெறி மீறப்படவில்லை என்றது நிர்வாகம். தேவையில்லை என்ற காரணத்துக்காக ஓர் உயிரை முடிக்க யார் அதிகாரம் தந்தது என்று கேட்டனர் உரிமை வாதிகள்.

'தேவைக்கு மிஞ்சிய விலங்கு' என்ற இந்தச் சொல் நமக்குப் புதிதன்று. கறவைப் பண்ணையில் பிறக்கும் காளைக் கன்றும், கறவை நின்ற கிழட்டு மாடும் இதே நிலையில்தான் உள்ளன. இதனைப் பின்னர்க் காண்போம்.

கோழியைக் கேட்டறிந்த உண்மைகள்

விலங்கு நலம் என்பது இரக்கத்தை மட்டும் பொறுத்ததன்று. அது ஒரு அறிவியல் துறையும் ஆகும். கூண்டின் மெல்லிய கம்பித் தளம் கோழியின் காலை உறுத்தும் என எண்ணிய பிராம்பெல் குழு, அத்தகைய தளம் கூடாது என்றது. 1973-ல் வெளியான ஓர் ஆய்வில் கோழிகளையே தளத்தைத் தேர்ந்தெடுக்க விட்டனர். அவை அந்த மெல்லிய கம்பித் தளத்தையே நாடின! நம் கண்ணுக்குத் துன்பமாகத் தெரிவது விலங்குக்கும் துன்பமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் முட்டையிடும் நேரத்தில் கூட்டை அடைவதற்காகக் கோழி பாரமான கதவையும் தள்ளித் திறக்கும் என்பதும் ஆய்வுகளில் தெரிந்தது. எனவே அடைகூடு கோழிக்கு உண்மையான தேவை.

இத்தகைய ஆய்வுகளின் துணையோடு ஐரோப்பிய ஒன்றியம் 1999-ல் ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி பழைய வகைக் கூண்டில் ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் இடமாவது தர வேண்டும். இது ஒரு சாண் நீளமும் ஒரு சாண் அகலமும் கொண்ட சதுரத்தை விடச் சற்றே கூடுதல். 2012-ஆம் ஆண்டு சனவரி முதல் அவ்வகைக் கூண்டுகளே தடை செய்யப்பட்டன. அடைகூடும், அமர்வதற்குக் கட்டையும், கிளறுவதற்குக் கூளமும் கொண்ட, கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர் இடமுள்ள கூண்டுகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. நம் ஆழ்கூள முறையில் ஒரு முட்டைக் கோழிக்கு விடப்படும் 2 சதுர அடி இடம் ஏறத்தாழ 1,850 சதுர சென்டிமீட்டர் ஆகும் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கவும்.

எனினும் ஆழ்கூளம் குறையற்றதன்று. கூளம் ஈரமானால் இரத்தக் கழிச்சல் நோய் பரவும். கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் கொள்வதும் உண்டு. கூண்டில் இவை குறைவு. ஆனால் நடமாட்டமின்றி எலும்பு வலுவிழக்கிறது. ஆகவே முறையைப் போலவே பராமரிப்பும் முக்கியம்.

நம் நாட்டுச் சட்டம் சொல்வது என்ன?

விலங்கு வதைத் தடுப்புக்காக மாநிலங்களவையில் தனி உறுப்பினர் மசோதா கொண்டு வந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1960-ல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962-ல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. இச்சட்டம் விலங்கு வளர்ப்பைத் தடுக்கவில்லை. தேவையற்ற வலியையும் துன்பத்தையும் தடுக்கிறது. எனவே இது நல நெறியில் அமைந்த சட்டம்.

2014-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடை செய்த போது, மேற்சொன்ன ஐந்து விடுதலைகளை எடுத்துக்காட்டி, அவற்றை இச்சட்டத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்றது. 2017-ல் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. 2023-ஆம் ஆண்டு மே மாதம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அத்திருத்தம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை வழங்க முன்னுதாரணம் இல்லை எனவும் அந்த அமர்வு கூறியது. உரிமையா, நலமா என்ற கேள்வி நம் ஊர்க் காளையை முன்னிட்டே நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் வரை சென்றது என்பது குறிப்பிடத்தக்கது.

விவசாயிகள் அறிய வேண்டிய விதிகள் இரண்டு. வண்டி மாடு, பொதி மாடு பற்றிய 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி, அவற்றை ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியசைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டக் கூடாது. முள் பொருத்திய தார்க்குச்சியும் கூடாது. மற்றொன்று, மாட்டின் உடல்நலத்துக்குக் கேடு தரும் வகையில் பால் சுரக்க ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

ஐந்து நெறிகளும் நம் தொழுவமும்

ஐந்து விடுதலைகளை நடைமுறைப்படுத்தப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. கீழ்க்கண்டவற்றைக் கவனித்தாலே போதும்.

1. பசி, தாகம்: மாட்டுக்கு இரு வேளை தண்ணீர் காட்டுவது போதாது. தொட்டியில் எந்நேரமும் சுத்தமான நீர் இருக்க வேண்டும். கன்று ஈன்ற முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். முதல் நாளில் கன்றின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் தேவை. காளைக் கன்று என்பதற்காக இதைக் குறைக்கக் கூடாது.

2. வசதி: ஒரு பசுவுக்குக் கூரையின் கீழ் 3.5 சதுர மீட்டரும், திறந்த வெளியில் 7 சதுர மீட்டரும் இடம் வேண்டும். தரை வழுக்காமலும் நீர் தேங்காமலும் இருக்க வேண்டும். கோடையில் நிழல் இன்றியமையாதது.

3. வலி, காயம், நோய்: நுகப்புண், மூக்கணாங்கயிற்றுப் புண், வளர்ந்த குளம்பு ஆகியவற்றை வாரம் ஒரு முறையேனும் பார்க்கவும். புண் ஆறும் வரை மாட்டைப் பூட்ட வேண்டாம். காயடித்தல், கொம்பு நீக்குதல் ஆகியவற்றை இளம் வயதிலேயே, கால்நடை மருத்துவரைக் கொண்டு, மரத்துப் போகும் மருந்து செலுத்திய பின் செய்தல் வேண்டும்.

4. இயல்பு நடத்தை: நாள் முழுவதும் குட்டைக் கயிற்றில் கட்டி வைக்காமல் சில மணி நேரமாவது அவிழ்த்து விடவும். எருமைக்குக் குளிக்க நீர் தேவை. கோழிக்கு அடைகூடும், இரவில் அமரக் கட்டையும், குளிக்க மண்ணும் தேவை.

5. அச்சம்: அடித்து ஓட்டும் மாடு பால் விடத் தயங்கும். அச்சத்தில் சுரக்கும் ஒருவகை இயக்குநீர் பால் இறங்குவதைத் தடுப்பதே இதற்குக் காரணம். கறப்பவர் அடிக்கடி மாறாமல் இருப்பது நன்று.

விடை எளிதாகக் கிடைக்காத கேள்வி

மேற்சொன்னவற்றில் பெரும்பாலானவை விவசாயிக்கும் ஆதாயம் தருபவை. நன்கு பேணிய மாடு நன்கு கறக்கும். ஆனால் நலமும் ஆதாயமும் எப்போதும் ஒரே வழியில் செல்லும் என்று கூறுவது உண்மையாகாது. காளைக் கன்றுக்கு ஊட்டும் பாலுக்கு வருமானம் இல்லை. கறவை நின்ற மாட்டுக்குப் போடும் தீவனத்துக்கும் இல்லை. இந்த இடத்தில்தான் உரிமை வாதியின் கேள்வி நம்மை வந்து தொடுகிறது. அவர் கொள்கையை ஏற்காவிட்டாலும், அக்கேள்வியைத் தட்டிக் கழிப்பது முறையன்று.

நம்மால் இயன்ற வழிகள் சில உள்ளன. பாலினம் பிரித்த உறைவிந்தைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது கிடேரிக் கன்றுகளே பிறக்கும். தேவைக்கு மிஞ்சிய காளைக் கன்றுகள் பிறப்பதே குறையும். உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்தில் இதைப் பற்றிக் கேட்டறியலாம். கறவை நின்ற மாட்டின் சாணமும் சிறுநீரும் சாண எரிவாயுவுக்கும் மண்புழு உரத்துக்கும் உதவும். செலவில் ஒரு பகுதியேனும் திரும்பும். விற்க நேர்ந்தால், எழ முடியாத மாட்டை வண்டியில் ஏற்றாமலும், ஏற்றும் மாடுகளை நெருக்கி அடைக்காமலும், வழியில் நீர் கிடைக்கும்படியும் பார்த்துக் கொள்வது விற்பவரின் பொறுப்பு. பிழைக்க வழியில்லாத நோயில் வலியால் துடிக்கும் மாட்டை மருத்துவர் துணையோடு வலியின்றி விடுவிப்பதையும் சட்டம் அனுமதிக்கிறது.

கால்நடையை வைத்துப் பிழைக்கிறோம் என்று கூறும் நாம் நல நெறியின் பக்கம் நிற்கிறோம். அந்நெறியை வாயளவில் வைத்துக் கொண்டு, தண்ணீர்த் தொட்டியைக் காய விட்டால், வைத்திருக்கவே கூடாது என்பாருக்கு நாம் சொல்லும் பதில் வலுவிழந்து போகும். எனவே உழவர் பெருமக்கள் இன்று மாலையே தம் தொழுவத்தை மேற்கண்ட ஐந்து நெறிகளைக் கொண்டு ஒரு முறை சுற்றிப் பார்த்து, குறை கண்ட இடத்தில் உடனே சரி செய்ய வேண்டுமாய்க் கேட்டுக் கொள்கிறோம்.