பதினான்காம் நாளை எங்கிருந்து எண்ணுவது?

சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் பால் கணக்கு இருக்கும், சிலிண்டர் மாற்றிய தேதி இருக்கும். நடுவே ஏதோ ஒரு தேதியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. அது எதற்கு என்று வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, காப்பர்-டி என்றால் பயம், ஆணுறைக்குக் கணவர் சம்மதிப்பதில்லை என்கிற வீடுகளில் அந்தப் புள்ளிதான் குடும்பக் கட்டுப்பாடு. அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

இது நாலைந்து வீட்டுப் பிரச்சினை அல்ல. 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் மணமான பெண்களில் 10.2 சதவீதம் பேர் நாள் பார்ப்பது, விலகிக்கொள்வது போன்ற மரபு முறைகளை நம்பியிருந்தார்கள். முந்தைய ஆய்வில் இது 5.7 சதவீதம். தமிழ்நாட்டில் இரண்டாவது பிரசவத்தோடு கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொள்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் கல்யாணத்துக்கும் முதல் குழந்தைக்கும் நடுவில், முதல் குழந்தைக்கும் இரண்டாவதற்கும் நடுவில் என்ன செய்வது? நாள் எண்ணுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

எண்ணுவதிலேயே ஒரு தப்பு இருக்கிறது. “பதினாலாம் நாள்தான் ஆபத்து, அதற்கு முன்னும் பின்னும் ரெண்டு நாள் விட்டால் போதும்” என்று அக்கா தங்கைக்குச் சொல்லித் தருகிறாள். மாதவிலக்கான முதல் நாளிலிருந்து எண்ணச் சொல்கிறாள். 1920களில் ஜப்பானில் மருத்துவர் ஒகினோவும் ஆஸ்திரியாவில் மருத்துவர் க்னாஸும் கண்டறிந்தது வேறு. கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு. அதாவது கணக்கு பின்னாலிருந்து வருகிறது. அடுத்த மாதவிலக்கு என்றைக்கு என்பதோ, வந்த பிறகுதான் உறுதியாகத் தெரியும். தன் கண்டுபிடிப்பைக் கருத்தடைக்குப் பயன்படுத்துவதை ஒகினோவே ஏற்கவில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 28 நாளுக்கு ஒருமுறை வருகிறவருக்கு முட்டை 14ஆம் நாள் வெளிவரும். 35 நாள் ஆகிறவருக்கு 21ஆம் நாள். 24 நாளிலேயே வந்துவிடுகிறவருக்கு 10ஆம் நாள். முட்டையின் ஆயுள் ஒரு நாள்கூட முழுதாக இல்லை. ஆனால் விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கும். ஆக, 24 நாள் சுழற்சி உள்ளவருக்கு 5ஆம் நாளே கருத்தரிக்கும் நாள்தான். உதிரப்போக்கு அப்போதுதான் நின்றிருக்கும். “குளித்து முடித்த நாலு நாள் பயமில்லை” என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது.

அமெரிக்காவில் 221 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 1995இல் வெளியானது. முட்டை வெளிவரும் நாளோடு சேர்த்து ஆறு நாள்தான் கருத்தரிக்க வாய்ப்பு என்று அது காட்டியது. ஆறே நாள்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஆறு நாளும் சுழற்சியின் 10ஆம் நாளுக்கும் 17ஆம் நாளுக்கும் இடையில் முழுமையாக அடங்குவது சுமார் 30 சதவீதப் பெண்களுக்கு மட்டுமே என்று 2000இல் அதே ஆய்வாளர்கள் எழுதினார்கள். காய்ச்சல், அலைச்சல், தூக்கக் குறைவு, மனக்கவலை எது வந்தாலும் நாள் தள்ளிப்போகலாம். கைபேசிச் செயலிகளில் பலவும் போன மாதங்களின் சராசரியைப் போட்டு ஊகிக்கின்றன, அவ்வளவே.

நாள் எண்ணும் இந்த முறையை இந்திய அரசே ஒருகாலத்தில் முயன்று பார்த்திருக்கிறது. 1950களின் தொடக்கத்தில், காந்தியின் வழி நின்ற சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் செயற்கைச் சாதனங்களை விரும்பவில்லை. நாள் கணக்கைச் சோதித்துப் பார்க்க, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு டாக்டர் ஆப்ரகாம் ஸ்டோன் வந்தார். டெல்லி லோதி காலனியிலும் பெங்களூரு அருகே ராமநகரத்திலும் பெண்களுக்கு மணிமாலை கொடுக்கப்பட்டது. தினம் ஒரு மணியை நகர்த்த வேண்டும். பச்சை வந்தால் சேரலாம், சிவப்பு வந்தால் கூடாது. மணியை நகர்த்தினாலே கரு நிற்காது என்று நம்பிய பெண்களும் இருந்தார்கள். இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணியை நகர்த்துவது அவள் கையில் இருந்தது, அந்த இரவு அவள் கையில் இல்லை. திட்டம் தோற்றது.

அந்த மணிமாலை பின்னாளில் திருத்திய வடிவில் திரும்பி வந்தது. 26 முதல் 32 நாளுக்குள் தவறாமல் மாதவிலக்கு ஆகிறவர்கள் 8ஆம் நாளிலிருந்து 19ஆம் நாள் வரை விலகியிருக்க வேண்டும். பிசகாமல் கடைப்பிடித்தால் ஆண்டுக்கு நூறில் 5 பேர் கருத்தரிக்கிறார்கள். நடைமுறையில் 12 பேர். சுழற்சி அந்த எல்லையைத் தாண்டினால், சினைப்பை நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) இருந்தால், பிரசவமாகி மாதவிலக்கு இன்னும் சீராகவில்லை என்றால் இந்த முறை பொருந்தாது.

உடல் காட்டும் அடையாளங்களைப் பார்ப்பது இதைவிட மேல். முட்டை வெளிவரும் நாட்களில் கோழிமுட்டை வெள்ளைக்கரு போலத் தெளிவாக, இழுத்தால் நீளும் திரவம் வரும். முட்டை வெளிவந்தபின் காலை உடல்வெப்பம் லேசாக ஏறும். இரண்டையும் சேர்த்து, முறையாகக் கற்று, ஒருநாள் விடாமல் குறித்துவந்த ஜெர்மானியப் பெண்களிடம் தோல்வி மிகக் குறைவாக இருந்தது. ஆனால் வெள்ளைப்படுதலைத் தொற்றா இயல்பா என்று பிரித்தறிய யாரும் சொல்லித் தராத இடத்தில், விடிந்ததும் அடுப்படிக்கு ஓடும் பெண்ணிடம் அந்த முடிவை நீட்டுவது நியாயமில்லை.

இன்னொரு மரபு வழியான, விந்து வெளிவருமுன் விலகிக்கொள்ளும் முறையில் நடைமுறைத் தோல்வி ஆண்டுக்கு நூறில் 20 பேர் அளவில். ஆணுறையில் 13, மாத்திரையில் 7, காப்பர்-டியில் ஒன்றுக்கும் கீழே என்பது அமெரிக்கக் கணக்கு.

“பால் குடிக்கிற பிள்ளை இருக்கும்போது நிற்காது” என்பது பாதி உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால் 98 சதவீதம் பாதுகாப்பு. புட்டிப்பாலோ கூழோ தொடங்கிவிட்டால் அந்தக் காவல் தளர்ந்துவிட்டது. மாதவிலக்கு திரும்பும் முன்பே முட்டை வெளிவந்துவிடலாம் என்பதால் முன்னறிவிப்பும் கிடைக்காது.

இப்போது குழந்தை வேண்டவே வேண்டாம் என்ற நிலையில் இருப்பவர்கள் நாள் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். கணவனும் மனைவியும் சேர்ந்தே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். அங்கே ஆணுறை, மாத்திரை, காப்பர்-டி எல்லாம் இலவசம். கணக்கு தவறி நாள் தள்ளிப்போனால் பப்பாளி, எள் என்று வாரங்களைக் கடத்தாமல் உடனே சோதித்துப் பாருங்கள். 2021இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பெண்ணோ அவள் துணைவரோ கையாண்ட எந்தக் கருத்தடை முறை தோற்றாலும் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தைப் பெற்றுக் கருவைக் கலைக்க வழி உண்டு.