பெயின்ட்டைப் பார்த்துப் படகு வாங்காதீர்கள்

கோபாலபுரத்திலிருந்து அவ்வை சண்முகம் சாலையில் கிழக்கே போனால் கொஞ்ச நேரத்தில் கடற்கரை. கலங்கரை விளக்கத்தைத் தாண்டினால் நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் என்று லூப் சாலை ஓரம் நெடுக மணலில் ஏற்றிவைத்த பைபர் படகுகள். ஒரு தலைமுறைக்கு முன்பு இங்கே கட்டுமரம்தான் அதிகம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகப் பைபர் படகுகள் வந்து குவிந்தன. அவசரத் தேவைக்குக் கரையெங்கும் புதுப் பட்டறைகள் முளைத்தன. எல்லாவற்றிலும் தேர்ந்த கை இருக்கவில்லை. தடிமன் குறைந்த, ரெசின் சரியாக ஊறாத படகுகளும் கடலுக்குப் போயின. நாலு கை மாறிய பிறகு, படகை எந்தப் பட்டறையில் கட்டினார்கள் என்பது விற்பவருக்கே தெரியாமல் போவதுண்டு.

மரப்படகு உளுத்துப்போனால் கத்தியால் குத்திப் பார்த்தே சொல்லிவிடலாம். பைபர் அப்படியல்ல. கொஞ்சம் பட்டி, மேலே ஒரு கோட் பெயின்ட். பழைய படகு புதுப்படகாகிவிடும். விற்பனைக்கு முந்தைய வாரம் பெயின்ட் அடித்த படகை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

படகைக் காயவைத்து, ஒருக்களித்துச் சாய்க்கச் சொல்லுங்கள். முதலில் ஏரா, அதாவது அடியில் நெடுக ஓடும் முதுகெலும்பு. மணலில் இழுத்து இழுத்துத் தேய்வது அங்கேதான்; கண்ணாடி நார் வெளியே தெரிந்தால் தண்ணீர் அதன் வழியாக உள்ளே ஏற ஆரம்பித்துவிட்டது என்று பொருள். பிறகு ஒரு நாணயத்தையோ சின்னச் சுத்தியலையோ எடுத்துச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கெட்டியாகப் பேசும். அடுக்குகள் பிரிந்த இடம் ‘பொத்’தென்று அமுங்கும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். தோல் மேல் கொப்புளம் இருந்து, உடைத்தால் வினிகர் வாடையோடு நீர் கசிகிறதா? தண்ணீர் உள்ளே புகுந்து ரெசினோடு வினைபுரிந்திருக்கிறது. நட்சத்திரம்போல் விரியும் கீறல் எங்கோ மோதியதைச் சொல்லும். வரிசையாக ஓடும் கீறல் உடல் வளைந்து கொடுப்பதைச் சொல்லும். இரண்டாவதுதான் மோசம்.

பின்பக்கத்தில் எஞ்சின் உட்காரும் இடத்தை விட்டுவிடாதீர்கள். பைபருக்குள் மரப்பலகை வைத்துக் கட்டியிருந்தால், போல்ட் துளை வழியாக நீர் இறங்கி அது மக்கியிருக்கலாம். எஞ்சினைப் பிடித்து ஆட்டும்போது பலகையும் சேர்ந்து அசையக் கூடாது. மிதப்புக்காக அடைத்த தெர்மாகோல் ஊறிப்போயிருந்தால் படகின் கனம் கூடியிருக்கும்.

இவற்றையெல்லாம் சோதிக்க, பைபர் வேலை தெரிந்த மேஸ்திரியை நீங்களே கூட்டிப் போங்கள், விற்பவர் கொண்டுவரும் ஆள் வேண்டாம். பெரிய படகென்றால் சர்வேயரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணும் படகில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் சரிபாருங்கள். கடன் பாக்கி, மானிய நிபந்தனை உண்டா என்றும் கேளுங்கள். ஆனால் பதிவு இருப்பதாலேயே உடல் உறுதி என்றாகிவிடாது.

சட்டம் இங்கே வாங்குபவரைத் தாலாட்டுவதில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விற்கும் பொருள் தரமாக இருக்க வேண்டும் என்ற மறைமுக நிபந்தனை, அந்தப் பொருளை வியாபாரமாக விற்பவருக்கே பொருந்தும். அங்கும், நீங்கள் சோதித்துப் பார்த்த பிறகு, அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அவரைக் கேட்க முடியாது. பக்கத்துக் குப்பத்து மீனவரிடம் வாங்கினால் கையில் எழுதி வாங்கிய வாசகம்தான் உங்கள் பலம். ‘அடிப்பகுதியில் உடைப்பு, பழுது எதுவும் இல்லை; பழுது பார்த்த இடங்கள் இவை’ என்று விற்பனைப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள்.

உடைப்பு தெரிந்தே பட்டி வைத்து மூடியிருந்தால் கதை வேறு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் வேண்டுமென்றே மறைப்பதை மோசடி என்கிறது. ஒப்பந்தத்தை ரத்து செய்யவும் நஷ்டஈடு கேட்கவும் சிவில் நீதிமன்றம் போகலாம். பழுதைக் கண்டதும் போட்டோ எடுங்கள், சர்வேயரை அழையுங்கள், வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்குமுன் படகைச் செப்பனிட்டுவிட்டால் சாட்சியம் போய்விடும். இந்தத் தவறுதான் அடிக்கடி நடக்கிறது.

பட்டறையிலோ வியாபாரியிடமோ வாங்கி, நீங்களே கடலுக்குப் போய்ப் பிழைப்பவராக இருந்தால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் கைகொடுக்கும். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் தர வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. ஆள் வைத்து லாபத்துக்குப் படகு விடும் முதலாளிக்கு இந்த வழி கடினம். நுகர்வோர் உதவிக்கு 1915, சட்ட உதவிக்கு 15100. வருமானம் குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகவே வக்கீல் வைத்துத் தரும்.