உறைந்த கணினியும் இற்றைப்படுத்தலும்

ஓர் எந்திரம் நின்றுபோயின் அதன் உறுப்பொன்று முறிந்தது என்றோ தேய்ந்தது என்றோ கொள்ளுதல் வழக்கம். அச்சுப்பொறியின் பற்சில்லு உடைந்தால் அச்சு நிற்கும். நீரிறைக்கும் எந்திரத்தின் பட்டி அறுந்தால் நீர் நிற்கும். மேசைக் கணினியோ உறுப்பெதுவும் முறியாமலே நின்றுவிடுகின்றது. திரையிலே எழுத்துக்கள் இருந்தபடியே இருக்கும், சுட்டி அசையாது, விசைப்பலகையை எத்துணை முறை அழுத்தினும் பயனில்லை. இதனை 'ஹாங்' ஆயிற்று என்பது அலுவலகத்தார் வழக்கு. உறைதல் என்பது நூல்வழக்கு. தவணைப் புள்ளிகளை இரண்டு மணி நேரமாகப் பதிந்து, அவற்றைச் சேமியாதிருந்த ஆசிரியருக்கு எவ்வழக்கும் ஆறுதல் தராது. அதிலும், முதல்நாள் இரவு முறைமை தன்னைத்தானே இற்றைப்படுத்திக்கொண்டது என அறிந்தாராயின், அவருடைய சினம் முழுவதும் அவ்விற்றைப்படுத்தலின்மேற் செல்லும். அச்சினம் எவ்வளவிற்கு நியாயமானது என்பது ஆராயத்தக்கது.

செய்நிரல் ஒன்று இயங்கும் முறையை முதலில் நோக்குதல் வேண்டும். திரையிலே தோன்றும் ஒவ்வொரு சாளரத்திற்கும் பின்னால் ஒரு வரிசை உண்டு. விசையழுத்தம், சுட்டியின் அசைவு, திரையை மீள வரைக என்னும் ஏவல் ஆகிய யாவும் அவ்வரிசையிலே செய்திகளாக வந்து நிற்கும். செய்நிரல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றி, அடுத்ததற்கு மீளும். ஒரு செய்தியை நிறைவேற்றப் புகுந்து அதிலேயே அகப்பட்டுக்கொண்டால், பின்வந்தவை யாவும் காத்துக் கிடக்கும். விண்டோஸ் முறைமை 5 செக்கன் பொறுத்திருந்து, அதன் பின்னும் செய்தி எடுக்கப்படாவிடின், அச்சாளரம் பதிலளிக்கவில்லை என அதன் தலைப்பில் எழுதிவிடும். ஆகவே உறைவெனப்படுவது பெரும்பாலும் முடிவுறாத காத்திருப்பேயாம். அதனைத் திருத்த முற்படுவோர் முதற்கண் வினவவேண்டிய வினா, எது எதற்காகக் காத்திருக்கின்றது என்பது.

காத்திருப்புப் பலவகைப்படும். நினைவகம் போதாதபோது முறைமை தன் தரவுகளில் ஒரு பகுதியை வன்றட்டிற்கு அனுப்பி, வேண்டும்போது மீட்டெடுக்கும். நினைவகத்தை அணுகுதற்குச் செல்லுங் காலம் ஏறத்தாழ 100 நனோசெக்கன். சுழலும் வன்றட்டை அணுகுதற்குச் செல்லுங் காலம் ஏறத்தாழ 10 மில்லிசெக்கன். இஃது ஓரிலட்சம் மடங்கு வேறுபாடு. இவ்வாறு அனுப்புவதிலும் மீட்பதிலுமே கணினி தன் காலமெல்லாவற்றையுங் கழித்து, உரிய வேலையைச் செய்யாதொழியும் நிலையைப் பீற்றர் டெனிங் என்பார் 1968இல் ஆராய்ந்து விளக்கினார். பார்ப்பவருக்கு அதுவும் உறைவாகவே தோன்றும். சற்றுப் பொறுத்தால் விலகுவது.

பொறுத்தாலும் விலகாத வகையொன்று உண்டு. வேலிகள் நெருங்கிய ஒழுங்கையொன்றில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்து முட்டி நிற்கின்றன என்க. மற்றையது விலகட்டும் என ஒவ்வொன்றுங் காத்திருப்பின் இரண்டும் அங்கேயே நிற்கவேண்டியதுதான். கணினியிலும் ஒரு செய்நிரல் ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு மற்றொன்று வைத்திருக்கும் பூட்டிற்குக் காத்திருக்க, அம்மற்றொன்று முன்னதன் பூட்டிற்குக் காத்திருப்பதுண்டு. நெதர்லாந்து அறிஞராகிய எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இதனைக் கொடுந்தழுவல் என்னும் பொருள்படப் பெயரிட்டழைத்தார். 1965இல் தம் மாணவருக்குப் பரீட்சை வினாவாகவும் ஒரு புதிரை இதுபற்றி அமைத்தார். அப்புதிர் பிற்காலத்திலே, வட்டமேசையில் உண்ண அமர்ந்த ஐந்து தத்துவஞானியரின் கதையாக வழங்கலாயிற்று. ஐவர்க்கும் கிடைப்பன ஐந்து முட்கரண்டிகள். உண்பதற்கு ஒருவர்க்கு இரண்டு வேண்டும். ஐவரும் ஒருங்கே இடப்பக்கத்துக் கரண்டியை எடுத்துக்கொண்டு வலப்பக்கத்ததற்குக் காத்திருந்தால் ஒருவரும் உண்ணார். இதிலே கவனிக்கத்தக்கது, ஐவருள் எவரும் தவறு செய்யவில்லை என்பது. தனித்தனியே சோதித்தால் ஒவ்வொருவரும் குற்றமற்றவர். குற்றம் அவர்கள் கூடும் முறையிலே தோன்றுகின்றது.

இற்றைப்படுத்தல் கணினியை உறையச் செய்வது பெரும்பாலும் இவ்வழியாலேயே. 2019 ஏப்பிரில் 9ஆந் திகதி மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட மாதாந்தத் திருத்தங்களை ஏற்ற விண்டோஸ் 7 கணினிகள் சில, மீளத் தொடங்கும்போதே உறைந்தன. அவற்றிலே சோபோஸ், அவாஸ்ட், அவிரா, ஆர்க்காபிற் ஆகிய நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்களுள் ஒன்று இருந்தமை கண்டறியப்பட்டது. மக்கபி நிறுவனத்தின் மென்பொருளும் பின்னர் அப்பட்டியலிற் சேர்ந்தது. முறைமையின் உட்கூறொன்றிலே செய்யப்பட்ட மாற்றம் தன் மென்பொருளுடன் சேர்ந்து பூட்டுச்சிக்கலை விளைக்கக்கூடும் என மக்கபி நிறுவனம் அறிவித்தது. முறைமை முன்னரும் இயங்கிற்று. எதிர்ப்பு மென்பொருளும் முன்னரும் இயங்கிற்று. கூட்டம் மாறியதும் சிக்கல் பிறந்தது. சிக்கலுக்குள்ளான மென்பொருள்களைக் கொண்ட கணினிகளுக்கு அத்திருத்தம் செல்லாதவாறு மைக்ரோசொப்ட் சிலகாலம் தடுத்து வைத்தது.

2016 ஓகஸ்ட் 2ஆந் திகதி வெளிவந்த விண்டோஸ் 10இன் ஆண்டுநிறைவுப் பதிப்பிலும் இத்தகையதொன்று நிகழ்ந்தது. முறைமையைத் திண்மநிலைத் தட்டிலும், செயலிகளையும் தரவுகளையும் வேறொரு தட்டிலும் வைத்திருந்த கணினிகள் சில உறைந்தன. அவ்வமைப்புக் குற்றமுடையதன்று, விரைவும் சிக்கனமும் கருதிப் பலர் கைக்கொள்ளும் அமைப்பேயாகும். மைக்ரோசொப்ட் அதனை ஒப்புக்கொண்டு, அம்மாத இறுதியில் ஒரு திருத்தம் வெளியிட்டது. இற்றைப்படுத்தலால் வந்த நோய்க்கு மருந்தும் இற்றைப்படுத்தலாகவே வந்தது.

ஆயினும், இற்றைப்படுத்தலின் பின் கணினி உறைந்தது என்பதனாலேயே அதனால் உறைந்தது என முடிவு செய்தல் காக்கை இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாகும். அளவை நூலார் இதனைக் காகதாலீய நியாயம் என்பர். காரண காரியத் தொடர்பை நிறுவுதற்கு அவர்கள் உள்வழி உண்மையும் இல்வழி இன்மையுங் காட்டுக என்பர். அதாவது அந்வயமும் வியதிரேகமும் வேண்டும். கணினித் திருத்தத்தில் இம்முறையினுஞ் சிறந்தது வேறில்லை. ஐயத்திற்குரிய இற்றைப்படுத்தலை அகற்றியபின் உறைவு நீங்குகின்றதா, மீள நிறுவியபின் உறைவு திரும்புகின்றதா என இரண்டையும் பார்த்தல் வேண்டும். ஒன்றைமட்டும் பார்த்துத் தீர்ப்பளிப்போரே அதிகம். விண்டோஸிலே றிலயபிலிற்றி மொனிற்றர் என்னும் ஒரு பக்கம் உண்டு. திருத்தங்கள் ஏறிய நாள்களையும் பழுதுகள் நேர்ந்த நாள்களையும் அது நிரலே காட்டும். உறைவு இற்றைப்படுத்தலுக்கு ஒரு கிழமை முன்னரே தொடங்கியிருப்பது அப்பக்கத்தைத் திறந்தபின்னர்த்தான் பலருக்குத் தெரியவரும்.

உறைந்த வேளையிற் செய்யத்தக்க சோதனைகள் எளியன. கப்ஸ் லொக் விசையை அழுத்தி அதன் விளக்கு மாறுகின்றதா என நோக்குக. மாறுமாயின் முறைமையின் அடித்தளம் உயிரோடிருக்கின்றது. செய்நிரலொன்றே அகப்பட்டுள்ளது எனக் கொள்ளலாம். கன்ட்ரோல், ஆல்ட், டிலீற் விசைகளை ஒருங்கே அழுத்தி, டாஸ்க் மனேஜரைத் திறந்து, அச்செய்நிரலை மட்டும் முடித்தல் தகும். திரைமட்டும் உறைந்ததாகத் தோன்றின், விண்டோஸ் விசையுடன் கன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகியவற்றை அழுத்துதலால் திரையட்டையின் இயக்கி மீளத் தொடங்கும். விளக்கு மாறாவிடின் மின் ஆளியை அழுத்திப் பிடித்து நிறுத்துதலன்றி வேறு வழியில்லை. திருத்தம் ஏறிக்கொண்டிருக்கும் வேளையில் இதனைச் செய்தல் தீது. அரைமணி நேரம் அசையாத விழுக்காட்டெண், பழைய வன்றட்டுடைய கணினியிலே பழுதின் அறிகுறி ஆகாது.

அடிக்கடி உறையும் கணினியைப் பாதுகாப்பு நிலையிலே தொடங்கிப் பார்த்தல் அடுத்த படி. அந்நிலையில் இன்றியமையாத இயக்கிகள் மாத்திரமே ஏறும். அங்கு உறைவு இல்லையாயின், வழு பெரும்பாலும் பின்னர்ச் சேர்ந்த இயக்கியிலோ மென்பொருளிலோ உள்ளது. அங்கும் உறையுமாயின் வன்பொருளை ஐயுறவேண்டும்: நினைவகச் சில்லு, தேய்ந்த வன்றட்டு, காற்றாடியை அடைத்த தூசி. பெரிய பதிப்புமாற்றத்தின் பின் முந்திய பதிப்பிற்குத் திரும்ப விரும்புவோர்க்கு வழமையாக 10 நாளே தவணை. அதன்பின் பழைய கோப்புக்கள் அழிக்கப்படும்.

இத்துன்பங்களைக் கண்டு இற்றைப்படுத்தலையே நிறுத்திவைப்போர் உளர். அவர்கள் 2017ஆம் ஆண்டை நினைதல் நன்று. அவ்வாண்டு மார்ச் 14ஆந் திகதி மைக்ரோசொப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. மே 12ஆந் திகதி, அத்திருத்தம் ஏறாத கணினிகளிலே வன்னாகிறை என்னும் நச்சுநிரல் பரவி, கோப்புக்களைப் பூட்டிப் பணங் கேட்டது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்த 236 நிறுவனங்களுள் மூன்றிலொரு பங்கு பாதிக்கப்பட்டு, நோயாளர் பலர் திருப்பியனுப்பப்பட்டனர். இரண்டு மாதத் தாமதத்தின் விலை அது.

மறுதலையும் உண்டு. 2024 யூலை 19ஆந் திகதி கிறவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய தரவுக்கோப்பொன்று, ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் விழுத்தியது. 21 உள்ளீடுகளை எதிர்பார்த்த ஒழுங்கிற்கு 20 மாத்திரமே வழங்கப்பட்டமை காரணம். கோப்பு ஒன்றரை மணி நேரத்துள் மீட்கப்பட்டபோதிலும், விழுந்த கணினிகளிற் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாகச் சென்று எழுப்பவேண்டியதாயிற்று. ஒரே வேளையில் எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பியமையே தீங்கைப் பெருக்கிற்று. அந்நிறுவனம் அதன்பின் படிப்படியாக அனுப்பும் முறையை மேற்கொண்டது. முப்பது கணினிகள் உள்ள கல்லூரி ஆய்வுகூடத்திற்கும் அம்முறை பொருந்தும். புதிய திருத்தத்தை இரண்டு கணினிகளில் முதலில் ஏற்றி, ஒரு கிழமை மாணவர் பயன்படுத்தியபின் ஏனையவற்றிற்கு ஏற்றலாம். ஒரு கிழமைத் தாமதம் வேறு. இரண்டு மாதத் தாமதம் வேறு.

விண்டோஸ் 10இற்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்திற் சேராத அம்முறைமைக் கணினிகளுக்கு இனி மாதந்தோறும் திருத்தம் வாராது. இரவில் முறைமை மாறிவிட்டதே என்ற முறைப்பாடும் அவற்றில் எழாது. அவை உறையுங்கால் வன்றட்டையும், பழைய இயக்கிகளையும், காலத்துக்குக் காலம் தாமே மாறும் இணைய உலாவிகளையுந்தான் சோதிக்கவேண்டியிருக்கும்.