52 டன் சக்கரம் எதற்கு?

தென் லண்டனின் கழிவுநீரை உயர்த்தித் தேம்ஸ் நதியில் விடுவதற்கென 1865இல் திறக்கப்பெற்ற கிராஸ்னஸ் நீரேற்று நிலையத்தில், மீண்டும் இயங்கும்படி செப்பனிடப்பெற்ற 'பிரின்ஸ் கான்சார்ட்' என்னும் நீராவி யந்திரத்தின் எதிரே நிற்பவர்க்கு, நிமிஷத்துக்குச் சுமார் 11 முறையே சுழலும் சக்கரத்துக்கு 52 டன் பாரம் எதற்கு என்ற சந்தேகம் எழுவது சகஜமே. (சாக்கடைநீருக்கு வர்ணம் தீட்டிய வார்ப்பிரும்பு அலங்காரம் எதற்கு என்பது வேறு சந்தேகம்!)

உருளைக்குள் மேலும் கீழும் செல்லும் பிஸ்டன், ஒவ்வொரு கோடியிலும் ஒரு க்ஷணம் நின்றே திரும்புகிறது. அப்போது, அதன் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் இணைப்புத் தண்டும், சக்கரத்தின் அச்சைத் திருப்பும் கைபோன்ற கிராங்கும் ஒரே கோட்டில் அமைந்துவிடுவதால், நீராவி எத்தனை பலமாக அழுத்தினும் சக்கரம் திரும்பாது. திரிகையின் பிடியை அச்சை நோக்கி நேரே தள்ளிப் பார்த்தவர்க்கு இது விளங்கும். அந்த க்ஷணத்தைக் கடத்திவிடுவது, முன்பே சேர்த்துக்கொண்ட வேகத்தை எளிதில் விடாத அப்பெரும் பாரந்தான்.