மருத்துவ ஆய்வுக்குக் கையொப்பமிடுமுன்

1905ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய பச்சரிசிச் சோறும், மறுபகுதியினருக்குப் புழுங்கலரிசிச் சோறும் அளிக்கப்பட்டன. பச்சரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரி நோயால் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட நம் மக்கள் அந்நோய்க்குப் பெரும்பாலும் தப்பியிருந்த காரணம் விளங்கிற்று. ஆனால், அந்நோயாளிகளோ மறுத்துரைக்கும் நிலையில் இல்லாதவர்கள்.

இன்று மலேசியாவில் புதிய மருந்தை மனிதரிடம் சோதிப்பதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும், பங்கேற்பவரின் எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும். ஆகவே, சம்மதப் பாரத்தைத் தமக்குத் தெரிந்த மொழியில் விளக்குமாறு அன்பர்கள் கேட்டல் வேண்டும் என்போம். வீட்டிற்கு எடுத்துச் சென்று, படித்த பிள்ளைகளிடம் காட்டுவதும் நன்றே.

ஆய்வு வேறு, சிகிச்சை வேறு. தமக்குக் கிடைப்பது புதிய மருந்தா, மருந்தே இல்லாத மாத்திரையா என்பது பல ஆய்வுகளில் டாக்டருக்கே தெரியாது. தீங்கு நேர்ந்தால் செலவை ஏற்பவர் யார், வேலைக்குச் செல்லாத நாட்களுக்கு ஈடு உண்டா, இரவில் அழைக்க வேண்டிய எண் யாது என்பனவற்றைத் தெளிவாகக் கேளுங்கள். நாட்டு மருந்து உட்கொள்வதை மறைக்காதீர்கள்.

மண்டோர் சொன்னார் என்பதற்காக எவரும் இணங்க வேண்டியதில்லை. இணங்கிய பின்னும் எந்நாளிலும் விலகலாம். வழக்கமான சிகிச்சைக்கு அதனால் குறைவு வராது. ஆயினும், டாக்டரிடம் சொல்லியே விலகுங்கள். சில மருந்துகளைத் திடீரென நிறுத்துதல் ஆபத்து.