பங்குடையார் வினவும் ஐயங்கள்

தமிழிலக்கியம் பயில்வார்க்குப் பங்குச் சந்தையோடு யாது தொடர்பு என நண்பர் சிலர் எம்மை நகைத்தல் கூடும். நகைப்பதற்கு இடமுண்டு. ஆயினும், விடுதியின் உணவுக்கூடத்தில் ஒரு வாரம் செவிமடுத்திருப்பார்க்கு, அங்கே யாப்பும் அணியும் பேசப்படுவதினும் பங்குகளின் ஏற்றமும் இறக்கமும் மிகுதியாகப் பேசப்படுதல் புலனாகும். பங்குகளை ஏட்டில் வைத்துக் காக்கும் டீமேட் கணக்குகளின் தொகை 2022ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நம் நாட்டிற் பத்துக் கோடியைக் கடந்தது. முற்காலத்தில் தரகரை நாடிச் சென்று, பத்திரங்களிற் கையொப்பமிட்டு, வாரக்கணக்கிற் காத்திருந்து வாங்கியதனை இன்று மாணாக்கனொருவன் கைப்பேசியில் ஒரு நொடியில் வாங்கிவிடுகிறான். வாங்குதல் எளிதாயிற்று. வாங்கியபின் செய்யத்தக்கது யாது என்பதே பலர்க்கும் விளங்காததாய் உளது. ஆசிரியரும், பழைய மாணவரும், எம்மொத்த மாணாக்கரும் பல்காலும் வினவக் கேட்டவற்றுட் சிலவற்றை ஈண்டெடுத்து, யாம் கற்றறிந்த அளவில் விடைகூறப் புகுகின்றோம். எந்தப் பங்கை வாங்கலாம் என்னும் வினாவிற்கு மட்டும் இக்கட்டுரையில் விடை தேடற்க.

பங்கு என்னும் சொல் பகுத்தல் என்பதனோடு உறவுடையது. ஒரு கம்பெனியின் உடைமையைச் சம கூறுகளாகப் பகுத்தால் அக்கூறு ஒவ்வொன்றும் ஒரு பங்காம். இவ்வெளிய உண்மையை மறந்தமையால் எழுவதே நாம் அடிக்கடி கேட்கும் முதல் ஐயம்: பத்து ரூபாய்ப் பங்கு மலிவானது, இலட்ச ரூபாய்ப் பங்கு விலையுயர்ந்தது அன்றோ என்பது. 1946இல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கி, பின்னர் டயர் உற்பத்தியிற் பெரும்பெயர் பெற்ற எம்.ஆர்.எப். கம்பெனியின் பங்கொன்று 2023 சூன் திங்களில் ஓரிலட்சம் ரூபாயைத் தாண்டியது. அதற்குக் காரணம், அக்கம்பெனியின் உடைமை ஏறத்தாழ 42 இலட்சம் கூறுகளாக மாத்திரம் பகுக்கப்பட்டிருந்தமையே. அதனையே நூறு மடங்கு கூறுகளாகப் பகுத்திருப்பின் ஒவ்வொன்றும் ஆயிரம் ரூபாய்க்கு விற்றிருக்கும். கம்பெனியோ அதுவாகவே இருந்திருக்கும். ஆகவே மலிவு, அருமை என்பன ஒரு கூறின் விலையினின்று அறியப்படுவன அல்ல. கம்பெனி ஈட்டும் இலாபத்தில் அக்கூற்றிற்கு உரியது எவ்வளவு என்று நோக்கி, அதனோடு விலையை ஒப்பிட்டே அறிதல் வேண்டும்.

போனஸ் பங்கு கிடைத்தது என்று மகிழ்வாரும் இவ்வுண்மையை எண்ணுதல் நலம். ஐந்நூறு ரூபாய் விலையுள்ள நூறு பங்குகளை உடையார்க்கு, ஒன்றுக்கு ஒன்றாகப் போனஸ் வழங்கப்படின் பங்குகள் இருநூறாகும். விலை இருநூற்றைம்பதளவிற் குறையும். முன்னும் ஐம்பதினாயிரம், பின்னும் ஐம்பதினாயிரம். அப்பம் ஒன்றே, துண்டுகள் பெருகின. இலாபத்திலிருந்து வழங்கும் டிவிடெண்டும் அவ்வாறே கம்பெனியின் பெட்டியிலிருந்து நம் பெட்டிக்கு வருவதாதலின், அதற்குரிய நாளில் பங்கின் விலை ஏறத்தாழ அவ்வளவு தாழ்ந்து தொடங்குதல் இயல்பு.

இனி, எத்தனை கம்பெனிகளின் பங்குகளை வைத்திருத்தல் தகும் என்பர். இதற்கு ஓரெண்ணைக் குறித்துச் சொல்வாரை யாம் நம்புவதில்லை. ஒன்றிரண்டு போதா என்பது மட்டும் திண்ணம். ஐதராபாத்தின் சத்தியம் கம்பெனி நாட்டின் பெரிய கணினி நிறுவனங்களுள் ஒன்றாய் மதிக்கப்பட்டது. 2009 சனவரி 7ஆம் நாள் அதன் தலைவரே, கணக்கேடுகளில் இல்லாத பணம் இருப்பதாகப் பல்லாண்டுகள் காட்டப்பட்டு வந்ததென எழுத்தால் ஒப்புக்கொண்டார். அன்று ஒரு நாளிலேயே பங்கின் விலை முக்காற்பங்கினும் மிகுதியாக வீழ்ந்தது. முந்தைய நாள் மாலையில் அக்கம்பெனியின் அச்சிட்ட கணக்கை எத்துணை நுணுகிப் படித்திருப்பினும் சாமானியர் ஒருவர் இதனைக் கண்டிருத்தல் அரிது. கற்றறிந்தார்க்கும் அறியவொண்ணாதது ஒன்று உண்டென்பதனாலேயே பலவற்றிற் பகிர்ந்து வைத்தல் வேண்டப்படுகிறது.

ஆயின் பத்துப் பாங்குகளின் பங்குகளை வாங்கிவிட்டுப் பகிர்ந்துவைத்தோம் என்று அமைதலும் பயனில்லை. பாங்குத்தொழிலுக்கு இடர் வந்துழிப் பத்தும் ஒருங்கே தளரும். தாம் வேலைபார்க்கும் கம்பெனியின் பங்குகளையே பெரிதும் வைத்திருப்பார் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அமெரிக்காவின் என்ரான் கம்பெனி 2001 டிசம்பரில் நொடித்தபொழுது, அதன் ஊழியருட் பலர் ஊதியத்தையும் இழந்து, அக்கம்பெனியின் பங்குகளாகவே சேர்ந்திருந்த ஓய்வுக்காலச் சேமிப்பையும் இழந்தனர். சென்னைக்கும் இத்தகைய நினைவு உண்டு. 1906இல் ஆர்பத்நட் என்னும் வாணிக நிலையம் வீழ்ந்தபொழுது இழக்கப்பட்டவை பங்குகளல்ல, வைப்புத்தொகைகள். எனினும் உள்ளதெல்லாம் ஓரிடத்திலே வைத்தார்க்கு விளைந்த துயர் ஒன்றே.

இங்ஙனம் தேர்ந்தெடுத்துப் பகிர்தற்கு நேரமும் பயிற்சியும் இல்லாதார் என் செய்வது? அவர்க்கெனக் குறியீட்டெண் நிதிகள் உள. சென்செக்ஸ் முப்பது கம்பெனிகளையும், நிப்டி ஐம்பது கம்பெனிகளையும் கொண்ட குறியீட்டெண்கள். அவற்றில் அடங்கிய பங்குகளையே, அவ்வவற்றின் அளவிலேயே வாங்கி வைத்திருப்பது குறியீட்டெண் நிதி. அதனை நடத்துவோர் ஆராய்ந்து தேர்வதற்கு ஒன்றுமின்மையாற் செலவும் குறைவு. 1976இல் அமெரிக்காவில் ஜான் போகிள் என்பார் இத்தகைய நிதியொன்றைப் பொதுமக்களுக்கெனத் தொடங்கியபொழுது, சராசரியோடு அமைவதா என்று பலர் எள்ளினர். பின்னாளில் அந்நெறி உலகெங்கும் பரவியது. எம் கருத்தும் சொல்லிவிடுகிறோம்: மாதம் ஈராயிரம் மூவாயிரம் மிச்சம்பிடிக்கும் இளைய ஆசிரியர்க்கு இதுவே அமைவது, அவர்தம் மாலைப்பொழுது நூல்களுக்கு மிஞ்சும்.

வினாக்கள் யாவற்றுள்ளும் துயரோடு கேட்கப்படுவது ஒன்றுண்டு. வாங்கிய பங்கு வீழ்ந்துவிட்டது. விற்பதா, மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைப்பதா என்பது. நானூறு ரூபாய்க்குப் பத்துப் பங்கு வாங்கியவர், விலை இருநூறானபின் இன்னும் பத்து வாங்குகிறார். சராசரி முந்நூறாகிறது. இதனால் நட்டம் குறைந்ததென மனம் ஆறுகிறது. குறைந்தது சராசரியே ஒழிய நட்டமன்று. முன்னரிருந்த ஈராயிர ரூபாய் நட்டம் அவ்வாறே இருக்க, மற்றுமோர் ஈராயிரம் அதே கம்பெனியிற் போய்ச் சேர்ந்தது. நாம் வாங்கிய விலை யாதென்பதைச் சந்தை அறியாது. அதற்கு இரங்கி ஏறவும் ஏறாது. ஆதலின் வீழ்ச்சி எத்தகையது என்பதையே முதற்கண் ஆராய்தல் வேண்டும். சந்தை முழுதும் வீழ்ந்ததா, ஒரு கம்பெனி மட்டும் வீழ்ந்ததா?

2008 சனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ், அவ்வாண்டு அக்டோபரில் ஒரு நாள் 8,000க்கும் கீழே சென்றது. மீண்டும் 21,000ஐ எட்டியது 2010 நவம்பரில். 2020 மார்ச்சு 23ஆம் நாள், கொள்ளைநோயச்சத்தால் ஒரே நாளில் 3,934 புள்ளிகள், அஃதாவது நூற்றுக்குப் பதின்மூன்று வீதம், வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பருக்குள் பழைய உயரத்தைக் கடந்தும் விட்டது. நாட்டின் தொழில்கள் முழுவதும் ஒருங்கே அழியாதவரையில் பரந்த தொகுப்பு மீளுதற்கு வழியுண்டென்பதற்கு இவை சான்று. மீளுங்காலம் எட்டுத் திங்களா, மூன்றாண்டா என்பதை முன்னறிவார் இலர். மகளின் திருமணத்திற்கோ, வரும் ஆண்டின் கல்லூரிச் சம்பளத்திற்கோ வேண்டப்படும் பணத்தைப் பங்குகளில் இடலாகாதென்பது இதனாலேயே.

ஒரு கம்பெனி மட்டும் வீழ்வதன் கதை வேறு. எஸ் பாங்கின் பங்கு 2018 ஆகஸ்டில் நானூறு ரூபாயளவில் விற்றது. முந்நூறில் மலிவென்றும், இருநூறில் இன்னும் மலிவென்றும், நூறில் இதனினும் மலிவில்லையென்றும் வாங்கினார் பலர். 2020 மார்ச்சு 5ஆம் நாள் ரிசர்வ் பாங்கு, அப்பாங்கினின்று ஒருவர் ஐம்பதினாயிர ரூபாய்க்கு மேல் எடுத்தலைத் தடைசெய்தது. மறுநாள் பங்கின் விலை பாதிக்குமேல் வீழ்ந்து, இருபது ரூபாய்க்குக் கீழே நின்றது. பாங்கு பிற பாங்குகளின் உதவியாற் பிழைத்தது. நானூறில் வாங்கினார் முதல் பிழைக்கவில்லை. நூறு ஐம்பதாதற்கு ஐம்பது வீத வீழ்ச்சி போதும். ஐம்பது மீண்டும் நூறாதற்கு நூறு வீத ஏற்றம் வேண்டும். நானூறு இருபதாயின் மீளுதற்கு இருபது மடங்காதல் வேண்டும். எனவே வீழ்ந்த பங்கை வைத்திருப்பார் தம்மைத்தாமே வினவத்தக்கது இது: இப்பங்கு இன்று எம்மிடம் இல்லையாயின், இவ்விலைக்கு இன்று வாங்குவோமா? வாங்கோம் என்று நெஞ்சம் கூறுமாயின், வைத்திருத்தற்குக் காரணம் நாணம் ஒன்றே.

நிற்க. தொகுப்பை எத்தனை நாளைக்கொருமுறை நோக்கி ஒழுங்குசெய்வது? ஒருவர் அறுபது பங்கு பங்குகளிலும் நாற்பது பங்கு வைப்புநிதியிலுமாகத் தம் பொருளை வகுத்துக்கொண்டார் எனக் கொள்வோம். சந்தை உயர்ந்து அறுபது எழுபத்தைந்தாயின், அவர் அறியாமலே அவர்தம் இடரும் மிகுந்தது. ஆண்டிற்கொருமுறை மிகுந்ததிற் சிறிது விற்றுக் குறைந்ததிற் சேர்த்துப் பழைய அளவிற்குக் கொணர்தல் போதும். நாள்தோறும் நோக்குதல் மனவமைதியைக் கெடுக்கும். அடிக்கடி விற்றலால் தரகும் வரியும் பெருகும். பங்குத் தொகுப்பைப் பற்றிய கணித ஆராய்ச்சியை 1952இல் வெளியிட்டு, அதற்கென 1990இல் நோபெல் பரிசில் ஒரு பங்கு பெற்ற ஹாரி மார்க்கோவிட்ஸ், தம் ஓய்வுக்காலச் சேமிப்பைத் தம் சூத்திரத்தாற் கணிக்கவில்லை. பாதி பங்குகளிலும் பாதி கடன்பத்திரங்களிலுமாக இட்டார். எப்பக்கம் சாயினும் பெரிதும் வருந்தற்கிடமின்றி வைத்தேன் என்பதே அவர் கூறிய காரணம். எமக்கு அவருடைய சூத்திரத்தினும் இது பிடித்திருக்கிறது.

நாள்வணிகத்தையும், பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்பவற்றையும் வினவும் மாணவர்க்கு ஒரு கணக்கைக் காட்டுதல் போதும். செபி வாரியம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, அவ்வாண்டு மார்ச்சோடு முடிந்த மூன்று நிதியாண்டுகளில் அவ்வகை வாணிகத்தில் ஈடுபட்ட தனியார் நூற்றுவருள் தொண்ணூற்று மூவர் நட்டமுற்றனர். அவர்தம் நட்டத்தின் மொத்தம் ஒன்றே முக்கால் இலட்சங் கோடி ரூபாயினும் மிகுதி. அந்நூற்றுவருள் எஞ்சிய எழுவருள் தாம் ஒருவர் என்று ஒவ்வொருவரும் கருதுவதே வியப்பு.

வரியைப் பற்றிய ஐயங்கள் பல, இன்றியமையாதன சொல்லுவாம். 2024 சூலை 23 முதல், பன்னிரு திங்களுக்கு மேல் வைத்திருந்து விற்ற பங்குகளின் இலாபம் ஓராண்டில் ஒன்றேகால் இலட்சத்தைக் கடந்தால், கடந்த அளவிற்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம் வரி. இரண்டு இலட்சம் இலாபம் பெற்றவர், எழுபத்தையாயிரத்திற்கு 9,375 ரூபாயும் அதன்மேல் வரும் தீர்வையும் செலுத்துவர். பன்னிரு திங்களுக்குள் விற்பின் இருபது வீதம். நட்டத்தை எட்டாண்டுகள் வரை பின்வரும் இலாபத்தோடு கழித்துக்கொள்ளலாம். ஆனால் உரிய நாளுக்குள் வருமானக் கணக்கு அளித்திருத்தல் வேண்டும். நட்டப்பட்ட ஆண்டிற் கணக்கெதற்கு என்று வாளாவிருப்பார் இவ்வுரிமையை இழப்பர்.

இறுதியாக, குடும்பத்தார் கேளாதும் பங்குடையார் எண்ணாதும் விடும் ஒன்று. பங்குடையார் மறைந்தால் அப்பங்குகள் யாரைச் சேரும்? டீமேட் கணக்கில் நியமனதாரராகக் குறிக்கப்பட்டவரே உடையவராவார் என்று பலர் நம்பியிருக்கின்றனர். அங்ஙனமன்று என 2023 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியமனதாரர் பங்குகளைப் பெற்று, உரிய வாரிசுகளுக்காக வைத்திருப்பவரே. உடைமை யாருடையதென்பதை உயிலும் வாரிசுரிமைச் சட்டமுமே தீர்மானிக்கும். ஆதலின் மனைவிக்கென எண்ணித் தம்பியின் பெயரைக் குறித்து வைத்திருப்பாரும், மணத்திற்குமுன் தாயின் பெயரைக் குறித்துப் பின் மாற்றாதிருப்பாரும், உயிலொன்று எழுதி வைத்தல் நன்று. பழைய மாணவருட் சிலரது இல்லத்துப் பெட்டியில் தந்தையார் வாங்கிய காகிதப் பங்குப் பத்திரங்கள் இன்றும் கிடத்தல் கூடும். 2019 ஏப்ரல் முதல் அவற்றைக் காகிதமாகவே பிறர்க்கு விற்று மாற்றுதல் இயலாது. வாரிசுகள் தம் பெயர்க்கு மாற்றி, டீமேட்டாக்கியே விற்றல் கூடும். டிவிடெண்டு தொடர்ந்து ஏழாண்டுகள் பெறப்படாதிருப்பின், கம்பெனிச் சட்டப்படி அப்பங்குகளே முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதியத்திற்குச் சென்றுவிடும். சென்றவை தொலைந்தனவல்ல. அந்நிதியத்தின் இணையதளத்தில் தந்தையார் பெயரைத் தேடிக் கண்டு, ஐ.இ.பி.எப்.–5 என்னும் படிவத்தை நிறைவுசெய்து, அச்சான்றுகளைக் கம்பெனிக்கு அனுப்பி உரிமை கோரலாம்.