சொல்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர்

அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். 17-ஆம் நூற்றாண்டில் தொண்டை நாட்டில் வாழ்ந்தவர். முதுகில் எழுத்துகளை எழுதிக் காட்டச் சொல்லித் தமிழ் கற்றார் என்பது அவரைப் பற்றி வழிவழியாக வரும் செய்தி. திருக்கழுக்குன்றப் புராணமும் திருவாரூர் உலாவும் பாடிய அவரை நாம் போற்றுகிறோம். அந்த முதுகில் எழுதிய விரல் யாருடையது என்று கேட்பதில்லை. அவருக்கும் ஒரு மாலை போட வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த விரல் செய்த வேலை இன்னது, அதன் எல்லை இன்னது என்று விளக்கவே இக்கட்டுரை. பெங்களூரில் சில ஆண்டுகளாக நான் செய்துவருவதும் அந்த வேலைதான்.

"சார், வெள்ளிக்கிழமை பி.ஏ. எக்ஸாம், ஸ்க்ரைப் வேணும், வர முடியுமா?" என்று தொலைபேசி வரும். ஸ்க்ரைப் என்பதைத் தமிழில் 'சொல்வதை எழுதுபவர்' என்கிறார்கள். நல்ல பெயர், வேலையின் இலக்கணமே அதில் அடங்கிவிட்டது. சொல்வதைத்தான் எழுத வேண்டும், சொல்லாததை எழுதக் கூடாது.

இது தயவு தாட்சண்யத்தால் கிடைக்கும் சலுகை என்றே பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பார்வையற்ற, குறைபார்வை மாணவர்களுக்கு எழுதுபவரைக் கல்வி நிறுவனமே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை 21 ஆக விரித்தது; தேர்வில் கூடுதல் நேரத்தையும் எழுதுபவர் வசதியையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும்.

பார்வை உள்ளவருக்கும் இது பொருந்துமா? குடிமைப் பணித் தேர்வெழுத வந்த விகாஷ் குமார் என்பவருக்கு எழுதும்போது விரல்கள் இழுத்துக்கொள்ளும் நோய். 40 விழுக்காடு ஊனம் என்ற வரையறைக்குள் வரவில்லை என்று அவருக்கு ஸ்க்ரைப் மறுக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம், அந்த 40 விழுக்காட்டுக் கணக்கை இதற்குத் தடையாகக் காட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. இதன் பின்னர் 2022-இல், 40 விழுக்காட்டுக்குக் குறைவானவர்களுக்கும் தனி நெறிமுறை வந்தது.

கூடுதல் நேரம் எதற்கு என்று ஒரு கண்காணிப்பாளர் என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானதே. வினாத்தாளை முழுவதும் ஒருமுறை வாசிக்க வேண்டும். எதை முதலில் எழுதுவது என்று மாணவர் முடிவு செய்ய மறுபடியும் வாசிக்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல எழுதி, பத்தி முடிந்ததும் படித்துக் காட்ட வேண்டும். "அந்த ரெண்டாவது வரியை எடுத்துடுங்க" என்பார். அடித்து எழுத வேண்டும். கண் ஒரு நொடியில் செய்வதைக் காது வரிசையாகத்தான் செய்யும்.

உண்மையில் எழுதுவதைவிட வாசிப்பதுதான் கடினம். 'ஏ கூட்டல் பி வர்க்கம்' என்று வாசித்தால் பி மட்டும் வர்க்கமா, இரண்டும் சேர்ந்து வர்க்கமா? 'அடைப்புக்குள் ஏ கூட்டல் பி, அடைப்பு முடிந்தது, முழுவதும் வர்க்கம்' என்று வாசித்தால்தான் கணக்கு கணக்காக இருக்கும். பொருளாதாரத் தாளில் ஒரு வரைபடம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நேர் அச்சில் விலை, கிடை அச்சில் அளவு, ஒரு கோடு இடமிருந்து வலமாகக் கீழே இறங்குகிறது' என்று சொல்லலாம். 'இது தேவைக் கோடு' என்று சொல்லிவிட்டால் விடையைச் சொன்னதாகிவிடும். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய கோட்டில்தான் நாம் நிற்கிறோம். குரலும் விடை சொல்லக்கூடும். நான்கு விடைகளில் சரியானதை வாசிக்கும்போது தொனி மாறினால் மாணவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்! ஆகவே நான்கையும் ஒரே தொனியில், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி வாசிக்கப் பழக வேண்டும்.

நம் பெங்களூர்த் தமிழர்களுக்கு என்றே ஒரு சங்கதி உண்டு. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பிறந்து வளர்ந்தவர்கள் கன்னடம் சரளமாகப் பேசுகிறோம். எழுதச் சொன்னால் தடுமாறுகிறோம். நம்முடைய 'ப' ஒன்றே கன்னடத்தில் நான்கு எழுத்தாக நிற்கிறது. பழத்தைக் குறிக்கும் சொல்லையும் வலிமையைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் 'பல' என்றே எழுதிவிடலாம். கன்னடத்தில் இரண்டுக்கும் முதலெழுத்து வேறு. காதால் கற்ற கன்னடத்தை வைத்துக்கொண்டு ஒருவருடைய பட்டத் தேர்வை எழுதப் போனால், பிழை நம்முடையது, மதிப்பெண் இழப்பு அவருடையது. தமிழிலும் இதே கதைதான். ல, ள, ழ மூன்றையும் ஒன்றுபோல் உச்சரிக்கும் மாணவர் சொல்லும்போது எதை எழுதுவது? சந்தேகம் வந்தால் "எந்த ல?" என்று கேட்டுவிடுவதே என் வழக்கம். ஆங்கிலத் தாளில் தெரியாத சொல்லுக்கு எழுத்துக்கூட்டச் சொல்வேன்.

தேர்வு வருடத்தில் சில நாள்தான். மீதி நாள்களில் புத்தகம் வேண்டும். பெங்களூரில் மது சிங்கால் அவர்கள் 1990-இல் தொடங்கிய மித்ர ஜோதி போன்ற அமைப்புகள் பேசும் நூல்களையும் பிரெயில் நூல்களையும் தயாரித்து வந்திருக்கின்றன. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக வேறு வடிவத்துக்கு மாற்றப் பதிப்பாளரிடம் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 2016-இல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் வந்தது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இருவர் உருவாக்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பான் 2006 முதல் இலவசமாகவே கிடைக்கிறது.

இத்தனை இருந்தும் பேராசிரியர் அனுப்பும் பாடக்குறிப்பு சில சமயம் வாசிக்கப்படாது. காரணம் எழுத்துரு. பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய 'தமிழ்' என்ற சொல் திரையில் தமிழாகத் தெரியும். கணினிக்கு அது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. திரைவாசிப்பானும் ஏறக்குறைய அப்படித்தான் உளறும். கன்னடத்தில் பழைய நுடி எழுத்துருவிலும் இதே தொல்லை. யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தால் அதே கோப்பு பேசத் தொடங்கும். அரை மணி நேர வேலை. இதற்குக் கன்னட இலக்கணம்கூட வேண்டாம், கணினி தெரிந்த பிள்ளைகள் வீட்டிலிருந்தே செய்யலாம்.

பிரிட்டனில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கென்று அரசு தரும் உதவித்தொகையிலிருந்து குறிப்பெடுப்பவருக்கு ஊதியம் போகிறது. இங்கே பெரும்பாலும் தொண்டு. புஷ்பா பிரியா என்ற பெங்களூர்ப் பெண்மணி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தேர்வுகளைப் பிறருக்காக எழுதியவர். 2018-ஆம் ஆண்டுக்கான நாரீ சக்தி விருது பெற்றார். வியந்து போற்ற வேண்டிய செய்திதான். ஆனால் ஒருவரே ஆயிரம் தேர்வு எழுத வேண்டியிருக்கிறது என்றால் மற்றவர்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கேள்வியும் எழுகிறது.

ஆள் கிடைக்காததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. மாணவர் தாமே அழைத்துவரும் ஸ்க்ரைப், படிப்பில் அவரைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்றது 2018 நெறிமுறை. விதிகள் திருத்தப்பட்டுக்கொண்டே வருகின்றன. எந்தத் தேர்வுக்கு எது என்று முன்னமே விசாரித்துக்கொள்வது நல்லது. பி.ஏ. மாணவருக்கு எழுதப் பி.யூ.சி. மாணவரைத் தேடினால், அவருக்கும் தேர்வுக் காலம், இல்லாவிட்டால் நுழைவுத் தேர்வுக்கான கோச்சிங். "அம்மா விட மாட்டேங்கறாங்க அண்ணா" என்று முதல் நாள் இரவு சொல்லிவிடுகிற பிள்ளையைக் கோபிக்க முடியாது. பி.யூ.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போன இல்லத்தரசிகளும் ஓய்வு பெற்றவர்களும் நம்மில் நிறையப் பேர். கையெழுத்து தெளிவாக இருந்து, நான்கு மணி நேரம் உட்காரவும் முடிந்தால் போதும். தேர்வுக்கு முன்பே மாணவரைச் சந்தித்து ஒரு மணி நேரம் பழைய வினாத்தாளை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் வேகம் உங்களுக்கும், நீங்கள் எழுதும் வேகம் அவருக்கும் அப்போதுதான் பிடிபடும்.